முகவர் மாதிரியில் சத்தம் போடாத வழுக்கள்

இறுதியாண்டுத் திட்டத்துக்கு முகவர் மாதிரி (ஒவ்வொரு ஆளையும் தனித்தனி முகவராகக் கணினியில் இயக்கிப் பார்க்கும் மாதிரி) செய்ய வரும் பிள்ளைகளுக்கு வன்னியில் தலைப்புக்குப் பஞ்சமில்லை. குளத்து நீர்ப் பங்கீடு, சிறுபோகத்தில் யார் விதைப்பது, காட்டோரக் கிராமங்களில் யானை, கட்டாக்காலி மாடு என்று எதை எடுத்தாலும் ஒரு மாதிரி செய்யலாம். அதற்கான மென்பொருளான நெட்லோகோ இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஆனால் செய்நிரலைத் திறந்து பார்த்தால் வருடாவருடம் அதே வழுக்கள்தான்.

அடைப்புக்குறி விடுபட்டது, பெயரில் எழுத்து மாறியது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை நெட்லோகோவே மேலே மஞ்சள் பட்டையில் சொல்லிவிடும். சத்தம் போடாமல் ஓடி, அழகான வரைபும் கீறிக் காட்டிவிட்டு, தவறான விடை தருபவைதான் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கற்பனையான ஒரு குளம், அதன் துருசிலிருந்து பிரியும் 3 வாய்க்கால், வாய்க்காலுக்கு 20 கமக்காரர், ஆக 60 பேர். கமக்காரர் ஒரு டர்ட்டில் (நகரக்கூடிய முகவர்) இனம், வயல்கள் பட்ச் (நிலச் சதுரம்). கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

கட்டளையை யார் செய்கிறார் என்று பாராமல் எழுதுவது

நெட்லோகோவில் கட்டளையை நிறைவேற்றுபவர் நான்கு வகை: ஒப்சேவர் (மேலிருந்து முழு மாதிரியையும் நடத்துபவர்), டர்ட்டில், பட்ச், லிங்க் (இரண்டு டர்ட்டிலை இணைக்கும் கோடு). முன்னே நகர்த்தும் 'ஃபோர்வேட்' டர்ட்டிலுக்கு மட்டும், மாதிரியின் நேரத்தை ஒரு படி கூட்டும் 'டிக்' ஒப்சேவருக்கு மட்டும். மாறி எழுதினால் 'ஒப்சேவர் சூழலில் இதைப் பாவிக்க முடியாது' என்ற வகையில் ஒரு செய்தி வரும். அப்போது இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது, அந்த வரி எந்த 'ஆஸ்க்' (முகவர்களைக் கூப்பிட்டு ஒன்றைச் செய்யச் சொல்லும் கட்டளை) அடைப்புக்குள் இருக்கிறது என்பது. இரண்டாவது, பொத்தானைத் திருத்தும் பெட்டியில் எந்த முகவர் தெரிவாகியிருக்கிறது என்பது. மாதிரியை ஓட்டும் 'கோ' பொத்தான் தெரியாமல் டர்ட்டிலுக்கு மாறியிருந்தால் சரியான செய்நிரலும் வழுக் காட்டும்.

இது சத்தம் போடும் வழு. சத்தம் போடாதது அதன் தம்பி. ஒரு டர்ட்டில் செயன்முறைக்குள் 'ஆஸ்க் டர்ட்டில்ஸ்' என்று எழுதினால், எல்லா டர்ட்டிலையும் ஒப்சேவர் மட்டுமே கேட்கலாம் என்று நெட்லோகோ மறித்துவிடும். அந்தக் காவல் டர்ட்டில்ஸ், பட்சஸ் என்ற இரண்டு முழுத் தொகுதிகளுக்குத்தான். கமக்காரர் என்று இனம் பிரித்துவிட்டு, கமக்காரருக்குள்ளேயே 'ஆஸ்க் கமக்காரர்' எழுதினால் ஒருவரும் மறிக்கமாட்டார்கள். 60 பேரும் 60 பேரையும் கேட்பார்கள், ஒரு டிக்குக்கு 3600 தடவை நீர் பாயும். 'ஏன் குளம் முதல் நாளிலேயே வற்றுது?' என்று கேட்டு வருபவர்களின் செய்நிரலில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

கழித்தல் குறி

இரு பக்கமும் இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் 'நீர்-தேவை' என்பதைக் கழித்தலாக அல்ல, ஒரே பெயராக நெட்லோகோ வாசிக்கும்.

'வித்' அடைப்புக்குள் தன்னோடு தன்னை ஒப்பிடுவது

எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்னாலும் திரும்ப வருவது இதுதான். எரிச்சல் வருவதற்குக் காரணம் உண்டு: வழுச் செய்தியே இல்லாமல் முழு ஆய்வையும் தின்றுவிடும்.

விதி எளிது. சிறுபோகத்தில் நெல்லை விட்டுப் பயறு போடலாமா என்று ஒவ்வொரு கமக்காரரும் முடிவெடுக்கிறார். தன் வாய்க்காலில் உள்ள மற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பயறு போட்டால் தானும் பயறு, இல்லாவிட்டால் நெல். ஒவ்வொரு கமக்காரருக்கும் உரிய மாறிகளை அறிவிக்கும் 'கமக்காரர்-ஓன்' பட்டியலில் 'வாய்க்கால்' என்ற மாறி இருக்கிறது, பெறுமானம் 1, 2 அல்லது 3. பிள்ளை எழுதுவது இப்படி ('லெட்' ஒரு தற்காலிகப் பெயரில் பெறுமானத்தை வைக்கும், 'வித்' நிபந்தனைக்குப் பொருந்துவோரை மட்டும் பொறுக்கும்):

லெட் அயல் கமக்காரர் வித் [ வாய்க்கால் = வாய்க்கால் ]

வாசிக்கும்போது 'என் வாய்க்காலும் அவர் வாய்க்காலும் ஒன்றாக இருப்போர்' என்று காதில் விழுகிறது. நெட்லோகோ அப்படி வாசிக்காது. 'வித்' அடைப்புக்குள் போனதும் பேசுபவர் மாறிவிடுகிறார். 60 பேரில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, 'உன் வாய்க்கால் உன் வாய்க்காலுக்குச் சமமா?' என்று கேட்கிறது. எல்லாரும் ஓம் என்பார்கள். ஆகவே எவருக்கும் அயல் என்பது 60 பேர், அதில் அவரும் ஒருவர்.

இதனால் என்ன நடக்கும் என்பதைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் 1ஆம் வாய்க்காலில் 16 பேர் பயறு, மற்ற இரண்டிலும் 4 பேர் வீதம். மொத்தம் 24, அதாவது 60இல் 40 சதவீதம். பிழையான செய்நிரலில் எவர் பார்த்தாலும் பாதிக்குக் குறைவு. எல்லாரும் நெல்லுக்குத் திரும்புகிறார்கள், பயறு பூச்சியமாகிறது. சரியான செய்நிரலில் 1ஆம் வாய்க்காலில் ஒருவர் பார்க்கும் மற்ற 19 பேரில் 15 அல்லது 16 பேர் பயறு. அந்த வாய்க்கால் முழுவதும் பயறாகும், மற்ற இரண்டும் நெல்லாகும். ஒரே தரவு, ஒரே விதி, நேரெதிர் முடிவு.

அறிக்கையில் எழுதப்படுவதோ, 'பயறுக்கு மாறும் முயற்சி சமூக அழுத்தத்தால் தோற்கும்' என்று. கீழே கமநல சேவைகள் நிலையத்துக்கு ஒரு பரிந்துரை வேறு. அந்த முடிவைத் தந்தது சமூக அழுத்தமல்ல, ஒரு சமன் குறி. வரைபில் மூன்று கோடும் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்: தனித்தனியாக இயங்க வேண்டிய மூன்று வாய்க்கால்கள் ஒன்றாகவே அசைந்தால் பிழை பெரும்பாலும் இந்த வரியில்தான்.

திருத்த இரண்டு வழி. பாடநூல் வழி, வலப்பக்கத்தில் '[ வாய்க்கால் ] ஓஃப் மைசெல்ஃப்' என்று எழுதுவது. 'ஓஃப்' ஒரு முகவரின் மாறியை வாசிக்கும், 'மைசெல்ஃப்' என்பது என்னைக் கேட்டவர், 'செல்ஃப்' என்பது இப்போது பதில் சொல்பவர். நான் பரிந்துரைப்பது மற்ற வழியை:

லெட் என்-வாய்க்கால் வாய்க்கால்
லெட் அயல் அதர் கமக்காரர் வித் [ வாய்க்கால் = என்-வாய்க்கால் ]

காரணம், 'ஆஸ்க்' ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் 'மைசெல்ஃப்' நகர்ந்துவிடும். கமக்காரர் வாய்க்கால் மேற்பார்வையாளரைக் கேட்க, மேற்பார்வையாளர் மற்றக் கமக்காரரைக் கேட்டால், உள்ளே 'மைசெல்ஃப்' என்பது மேற்பார்வையாளர். 'வாய்க்கால்' மாறியைக் கமக்காரருக்கு மட்டும் அறிவித்திருந்தால் வழுச் செய்தி வரும், அது அதிர்ஷ்டம். 'டர்ட்டில்ஸ்-ஓன்' என்று எல்லாருக்கும் பொதுவாக அறிவித்திருந்தால் மேற்பார்வையாளரின் வாய்க்கால் எண் 0. 0ஆம் வாய்க்காலில் ஒருவரும் இல்லை, அயல் வெறுமை, செய்தியும் இல்லை. முதலிலேயே 'லெட்' இல் எடுத்து வைத்த பெறுமானம் எத்தனை அடைப்புக்குள் போனாலும் மாறாது.

தன்னைத் தவிர்க்கும் 'அதர்' ஐ மறக்க வேண்டாம். மறந்தால் 20 வரும், 19 வரவேண்டும். இந்த 19ஐச் செய்நிரலிலேயே காவலுக்கு வையுங்கள்: 'கவுண்ட் அயல்' 19 இல்லையென்றால் 'எரர்' கட்டளையால் ஓட்டத்தை நிறுத்தும் ஒரு வரி. மாதிரி சரியென்று உறுதியானதும் அதை எடுத்துவிடலாம்.

இதே விதியில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரே 'ஆஸ்க்' இல் பார்த்து உடனே பயிரை மாற்றினால், பின்னால் வருபவர் முன்னவரின் புதிய முடிவைப் பார்ப்பார். எல்லாரும் ஒரே நேரத்தில் முடிவெடுப்பதாக மாதிரி சொன்னால், முதல் 'ஆஸ்க்' இல் 'அடுத்த-பயிர்' மாறியில் மட்டும் எழுதி, இரண்டாவது 'ஆஸ்க்' இல் அதைப் பயிருக்கு மாற்றுங்கள்.

முதலில் யாருக்குத் தண்ணீர்?

'ஆஸ்க்' ஒவ்வொரு தடவையும் முகவரை எழுமாறாக வரிசைப்படுத்தும். முடிவெடுப்பதற்கு அது பொருத்தம். வாய்க்காலில் நீர் எழுமாறாகப் பாய்வதில்லை, தலைப்பிலிருந்து கடைக்கோடிக்குத்தான் போகும்.

ஒரு வாய்க்காலில் 20 பேர், ஆளுக்கு 2 அலகு தேவை, வருவது 30 அலகு. ஒவ்வொரு டிக்கிலும் 5 பேருக்கு நீர் இல்லை. வெறும் 'ஆஸ்க்' இல் 100 டிக் ஓட்டினால் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 25 தடவை ஏமாறுவார், எல்லாருக்கும் சமம். வரிசைப்படி ஓட்டினால் கடைசி 5 பேர் 100 தடவையும் ஏமாறுவார்கள், மற்ற 15 பேருக்கு ஒரு குறையும் இல்லை. கடைக்கோடிக் கமக்காரரின் பிரச்சினையை ஆராயவென்று எழுதிய மாதிரியில் அந்தப் பிரச்சினையே காணாமற் போவது இப்படித்தான். தலைப்பிலிருந்து எண்ணிய 'வரிசை-எண்' ஐ ஒவ்வொருவருக்கும் கொடுத்து, அந்த வரிசையில் ஓட்டும் வரி இது:

ஃபோர்ஈச் சோர்ட்-ஒன் [ வரிசை-எண் ] வாய்க்கால்-ஆட்கள் [ க -> ஆஸ்க் க [ நீர்-எடு ] ]

வரிசை எண்ணுக்குப் பதில் துருசுக்கான 'டிஸ்டன்ஸ்' போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது நேர்கோட்டுத் தூரம், வாய்க்கால் வளைந்து போகும். அத்தோடு நெட்லோகோவின் உலகம் இயல்பாகவே விளிம்போடு விளிம்பு ஒட்டியது. இடது விளிம்பில் துருசும் வலது விளிம்பில் கடைக்கோடியும் இருந்தால் 'டிஸ்டன்ஸ்' அவர்களை அயலவர் ஆக்கிவிடும். அமைப்புப் பெட்டியில் இரண்டு 'ராப்' குறியையும் எடுத்துவிடுங்கள். யானை பற்றி மாதிரி செய்பவர்களும்தான்: கிழக்கே போன யானை மேற்குக் காட்டிலிருந்து வரக்கூடாது.

பூச்சியமும் நோபடியும்

அறிவித்துவிட்டுப் பெறுமானம் கொடுக்காத மாறி 0 ஆக இருக்கும். 'பங்காளி' என்ற மாறியில் ஒரு முகவரை வைப்பதாக இருந்தால், தொடக்கச் செயன்முறையான 'செட்டப்' இலேயே அதை 'நோபடி' (ஒருவரும் இல்லை) ஆக்குங்கள். இல்லாவிட்டால் முகவரை எதிர்பார்த்த இடத்தில் எண் 0 கிடைத்தது என்று வழு வரும்.

வெறும் தொகுதியில் எழுமாறாக ஒருவரை எடுக்கும் 'வன்-ஒஃப்', மிகக் குறைந்த பெறுமானம் உள்ளவரை எடுக்கும் 'மின்-வன்-ஒஃப்' இரண்டும் 'நோபடி' தரும். அதன்மேல் 'ஓஃப்' போட்டால் ஓட்டம் நிற்கும். முதல் 200 டிக் ஒழுங்காக ஓடி, 201இல் நிற்பது இந்த வகைதான். வாய்க்காலில் கடைசி ஆளும் கமத்தை விட்டுப் போன கணம் அது. மாறியில் வைத்திருந்த டர்ட்டில் 'டை' ஆகி மாதிரியிலிருந்து நீங்கினாலும் அந்த மாறி 'நோபடி' க்குச் சமமாகிவிடும், ஆகவே 'இஃப் பங்காளி != நோபடி' என்ற ஒரே சோதனை இரண்டையும் பிடிக்கும், தொடக்கத்தில் 0 ஐ விட்டுவைக்காதிருந்தால்.

இரண்டு தடவை 'ஓஃப்'

'[ விளைச்சல் ] ஓஃப் கமக்காரர்' ஒரு பட்டியல் தரும். '[ நீர் ] ஓஃப் கமக்காரர்' இன்னொரு பட்டியல் தரும். இரண்டும் எழுமாறான வரிசை, ஒன்றுக்கொன்று பொருந்தாது. இவற்றை அருகருகே வைத்து இணைபைக் கணித்தால் நீருக்கும் விளைச்சலுக்கும் தொடர்பே இல்லை என்று வரும். '[ லிஸ்ட் நீர் விளைச்சல் ] ஓஃப் கமக்காரர்' என்று சோடியாக ஒரே தடவையில் எடுங்கள்.

நீர் = 0

எழுதாதீர்கள். 1 இலிருந்து 0.1 வீதம் பத்துத் தடவை கழித்தால் சரியாக 0 வராது, மிகச் சிறிய நேர் எண் ஒன்று மிஞ்சும். '<= 0.000001' போன்ற ஒரு சிறு எல்லை போடுங்கள்.

ஸ்லைடர் மாறி

திரையில் இழுத்து மாற்றும் ஸ்லைடரின் பெறுமானத்தை ஓட்டத்துக்குள் செய்நிரலால் மாற்ற வேண்டாம். எல்லாவற்றையும் துடைக்கும் 'கிளியர்-ஓல்', செய்நிரலில் அறிவித்த குளோபலை (பொது மாறியை) மட்டும்தான் 0 ஆக்கும். ஸ்லைடரைத் தொடாது, அடுத்த ஓட்டம் மாறிய பெறுமானத்தோடு தொடங்கும்.

ஒரே வயலில் இரண்டு பேர்

கமக்காரரை உருவாக்கி எழுமாறான இடத்தில் வைத்தால் இருவர் ஒரே பட்சில் விழலாம். டர்ட்டில் தான் நிற்கும் பட்சின் மாறியை நேரே வாசிக்கும், எழுதும். ஆகவே ஒருவர் பாய்ச்சிய நீரை மற்றவர் கணக்கில் காட்டுவார். 'ஆஸ்க் என்-ஒஃப் 60 பட்சஸ்' என்று தொடங்கி, உள்ளே 'ஸ்ப்ரௌட்-கமக்காரர் 1' என்று பட்சிலிருந்தே முளைக்க வையுங்கள்.

பைத்தனில் மேசா பாவிப்பவர்களுக்கு

மேசா என்பது பைத்தன் மொழியில் முகவர் மாதிரி செய்வதற்கான நூலகம். இங்கே 'செல்ஃப்' எப்போதும் அந்த முகவரேதான், நகராது. பொறி வேறிடத்தில். 'அயலார் = [ ]' என்ற வரியை 'இனிட்' க்குள் (ஒவ்வொரு முகவரும் உருவாகும்போது ஓடும் பகுதி) வைக்காமல் வகுப்பின் தலையில் வைத்தால், 60 பேருக்கும் ஒரே பட்டியல், ஊருக்கே ஒரு கொப்பி மாதிரி. ஒருவர் சேர்த்த பெயர் எல்லாரிடமும் தெரியும். எண்ணை இப்படி வைத்தால் பிழை தெரியாது, ஏனென்றால் 'செல்ஃப்.நீர் = 5' என்று எழுதியதும் அவருக்கென்று தனி மாறி உருவாகிவிடும். பட்டியலில் 'அப்பெண்ட்' கட்டளையால் ஒன்றைச் சேர்க்கும்போதுதான் அகப்படும். பட்டியல், டிக்‌ஷனரி இரண்டையும் 'இனிட்' க்குள் 'செல்ஃப்.அயலார் = [ ]' என்றே எழுதுங்கள். சோதிக்க, இரண்டு கமக்காரரை உருவாக்கி ஒருவரின் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு மற்றவரின் பட்டியலை அச்சிடுங்கள். அது வெறுமையாக வரவேண்டும்.