கிழக்கே ஒரு பெண்: வீட்டில் மந்திரம் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகன் நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒரு வருடமாக மந்திரத்தில் இறங்கியிருக்கிறான். படிப்பெல்லாம் மொபைலில் வீடியோ பார்த்துத்தான். போன ஆடி அமாவாசைக்கு வீட்டுக்கு வந்தவன் படிப்புரையில் உட்கார்ந்து நண்பனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஒனக்கு யாரோ செய்வினை வச்சிருக்காங்கடே. கெழக்குப் பக்கம். ஒரு பொம்பள. ஒங்க வீட்டுல சோறு தின்னவளாக்கும்."

கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். கிழக்கு, பெண், சோறு தின்றவள். இருபத்தைந்து வருடத்துக்கு முன் இந்த மூன்றையும் இதே வரிசையில் நான் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அது தெரியாது. எந்த வீடியோவில் பிடித்தானோ.

அதனால்தான் இதை எழுதுகிறேன். குளித்துவிட்டு உட்காருங்கள், நாள் பார்த்துத் தொடங்குங்கள், எழுத்துப் பிசகாமல் சொல்லுங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பாட்டா (தாத்தாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கற்றுத் தந்த அளவுக்குத்தான். அவர் கண்ணேறுக்கும் கொதிக்கும் ஓதிக் கொடுப்பார். (நாம் தின்பதை யாராவது ஏக்கத்தோடு பார்த்தால் வயிறு பொருமும் என்பார்களே, அதுதான் கொதி.) உப்பு, வத்தல், கடுகு, திருநீறு, ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான் சாமான். அவருடைய நோட்டுப் புத்தகம் மலையாள எழுத்தில் இருக்கும், சொற்களில் பாதி தமிழ். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நம் கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததல்லவா, அவர் படித்த எழுத்து அது. நானும் அவர் செய்ததைத்தான் செய்கிறேன். வசியம், ஏவல், மாரணம் (ஆளைக் கொல்லச் செய்வது) என்று கேட்டு வருகிறவர்களிடம் வீட்டில் ஆள் இல்லை என்று என் மனைவியே சொல்லி அனுப்பிவிடுவாள்.

கதவைச் சாத்திக்கொண்டு புகை போடுவது

பழைய ஓட்டு வீட்டில் சாம்பிராணி போட்டால் புகை ஓட்டின் இடுக்கு வழியாகவே வெளியே போய்விடும். இப்போது எல்லாம் கான்கிரீட் வீடு. யாரும் பார்க்கக் கூடாது என்று ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு, சிரட்டைக் கனலில் குங்கிலியத்தை அள்ளிப் போடுகிறார்கள். மூடிய அறையில் கனல் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை கனக்கும், குமட்டும், கண் இருட்டும், அப்புறம் நினைவு தப்பும். சாமி இறங்குகிறது என்று நம்பி அப்படியே உட்கார்ந்திருந்த ஒரு பையனை நான்தான் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் போட்டேன். காற்றுப் பட்டதும் சாமி மலையேறிவிட்டது. பையனுக்குத் தலைவலி மட்டும் இரண்டு நாள் இருந்தது.

மூலிகை என்றால் எல்லாம் மருந்து என்று நினைப்பது

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது உதிர்ந்த துண்டு மருந்துவாழ்மலை என்று நமக்குக் கதை உண்டு. அதற்காக அமாவாசை இரவில் டார்ச் அடித்துக்கொண்டு அதில் ஏற வேண்டியதில்லை. பாறையில் கால் வழுக்கினால் சஞ்சீவி வராது.

மலையைவிட எனக்குப் பயம் பூஜை அறையில் கிண்ணத்தில் வைத்திருக்கும் குன்றிமணிதான். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகாக இருக்கும், குழந்தை கட்டாயம் எடுக்கும். முழுசாக விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து உடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் விஷம் ஆளையே கொல்லும். ஊமத்தங்காயும் அப்படித்தான். செங்காந்தள் நம் மாநில மலர், அதன் கிழங்கு கொடிய விஷம். எருக்கம்பால் பட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் உப்பும் வத்தலும் போதும்.

யார் செய்தது என்று சொல்வது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

2000-ஆம் ஆண்டு. பாட்டா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, நோட்டுப் புத்தகம் கைக்கு வந்துவிட்ட திமிர் வேறு. தக்கலைப் பக்கம் சித்தி வீட்டு விளையில் நாற்பது தென்னை நின்றது. திடீரென்று குரும்பை கொட்ட ஆரம்பித்தது. மரத்தில் நின்ற காயும் சிறுத்துக் கோணலாகிப் போனது. காம்பையொட்டிய தொப்பிக்குக் கீழே முக்கோணமாகப் பழுப்பு வடு, அதிலிருந்து கீழ்நோக்கி வெடிப்பு. தேங்காய்க்கு அம்மை வார்த்ததுபோல இருக்கிறது என்று சித்தி அழுதாள். நான் போய் விளையைச் சுற்றி வந்தேன், ஓதினேன், தண்ணீர் தெளித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆராக்கும் மக்களே செய்தது?" என்று சித்தி கேட்டாள்.

பாட்டாவிடம் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். "வந்தது போவும், நீ போய்க் கஞ்சி குடி" என்பதைத் தாண்டி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குப் பதில் தெரியாததால்தான் மழுப்புகிறார் என்று அப்போது நினைத்திருந்தேன். எனக்குத்தான் தெரிந்துவிட்டதே! கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: கிழக்கே, ஒரு பெண், உங்கள் வீட்டில் சோறு தின்றவள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். எந்த வீட்டுக்கும் கிழக்கே ஒரு வீடு இருக்கும். எந்த வீட்டிலும் ஒரு பெண் இருப்பாள். கல்யாணத்துக்கும் அடியந்திரத்துக்கும் ஊரையே கூப்பிட்டு இலை போடுகிற நம் ஊரில் சோறு தின்னாதவள் யார்? ஆகவே நான் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் கேட்கிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு முகம் இருக்கும். பழைய மனத்தாங்கல், பாகம் பிரித்தபோது கேட்ட ஒரு சொல், கொடுத்துத் திரும்பாத ஒரு சங்கிலி, ஏதாவது. நம்முடைய மூன்று வார்த்தை போய் நேராக அந்த முகத்தில் ஒட்டிக்கொள்ளும். சித்தி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு அப்பமே தெரியும்" என்றாள். கிழக்கு வீடு அவளுடைய ஓரகத்தி வீடு. சித்தப்பாவின் சொந்த அண்ணன் வீடு. இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று.

பெயரை நான் சொல்லவில்லையே என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் வாயிலிருந்து அதை வரவழைத்தவன் நான்தானே.

அதோடும் விடவில்லை. வைப்பு (செய்வினை செய்து புதைத்த பொருள்) இருக்கிறதா என்று பார்க்க மரத்தடியைத் தோண்டச் சொன்னேன். மூன்று துருப்பிடித்த ஆணியும் நைந்துபோன கறுப்புத் துணியும் கிடைத்தன. சித்தப்பாவின் கை நடுங்கியதை இப்போதும் மறக்க முடியவில்லை. முன்பு மாட்டுத்தொழுவம் நின்ற இடம் அது. ஆணி இல்லாமல் தொழுவம் எப்படி நிற்கும்? மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்தால் வெள்ளைத் துணியும் கறுப்பாகத்தான் வரும். எந்தப் பழைய விளையையும் ஒரு முழம் தோண்டுங்கள், எலும்போ ஆணியோ உடைந்த குப்பியோ கிடைக்கத்தான் செய்யும். தேடுகிறவனுக்கு அதெல்லாம் வைப்பு.

அன்று இரவே இரண்டு வீட்டுக்கும் வாய்ச்சண்டை. கிணற்றுக்குக் குறுக்கே சுவர் எழும்பியது. பிறகு வழிப்பாதைக்குக் கேஸ், கோர்ட்டில் ஒன்பது வருடம்.

ஆறு மாதம் கழித்து விவசாய ஆபீஸில் இருந்து ஒருவர் வந்தார். ஒரு காயின் தொப்பியைப் பிய்த்து, பூதக்கண்ணாடியை என் கையில் தந்து பார்க்கச் சொன்னார். வெளுத்த சின்னப் புழுக்கள்போல நூற்றுக்கணக்கில் நெளிந்தன. ஈரியோபைட் சிலந்திப்பேன். நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் கால் பங்குதான், வெறும் கண்ணுக்குத் தெரியாது. தொப்பிக்கு அடியில் இருந்துகொண்டு பிஞ்சின் சாற்றை உறிஞ்சும், காற்றில் மரம் விட்டு மரம் பரவும். 1998-இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதலில் கண்டுபிடித்திருக்கிறார்கள், அங்கே அதற்கு மண்டரி என்று பெயர். அடுத்து அது தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லி வேப்பெண்ணெய், 200 கிராம் பூண்டின் சாறு, 50 கிராம் சோப்பு கலந்து குலையில் அடிக்கச் சொன்னார். கேட்டால் பாட்டாவின் நோட்டில் இருக்கிற கூட்டுபோலவே இருக்கும்.

அவர் போனபிறகுதான் தலையைத் தூக்கிக் கிழக்கே பார்த்தேன். ஓரகத்தியின் தென்னையிலும் அதே வடு. எங்களுடையதைவிட மோசம். முதல் நாளே பத்தடி நடந்து சுவரில்லாத அந்த விளைக்குள் போயிருந்தால் தெரிந்திருக்கும். தன் மரத்துக்குத் தானே எவளாவது செய்வினை வைப்பாளா?

சித்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடைய தப்பு என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேன் வந்தது சரி மக்களே, அத அனுப்பிவிட்டது ஆரு?" என்றாள்.

இதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. உங்களிடமும் இருக்காது. சொன்னவனே வந்து பொய் என்று சொன்னாலும் அந்தச் சொல் திரும்பி வராது.

2014-இல் சித்தி இறந்தாள். ஓரகத்தி வந்து ரோட்டில் புளியமரத்தடியில் நின்றாள். சித்தியின் முதல் பிரசவத்துக்கு நாற்பது நாள் கூட இருந்து வெந்நீர் போட்டவள் அவள். உள்ளே வாங்க என்று கூப்பிட யாருக்கும் நாக்கு எழவில்லை, எனக்கும்தான். எடுக்கும்வரை நின்றுவிட்டுப் போனாள்.

சரி, "யார்" என்று கேட்டால் என்ன செய்வது? பாட்டா செய்ததை இப்போது யோசித்தால் புரிகிறது. எப்போது தொடங்கியது, வேறு யாருக்கு இருக்கிறது, என்ன மாறியது என்று அவர் பத்து கேள்வி கேட்பார். பக்கத்து மூன்று விளையைச் சும்மா சுற்றிவிட்டு வருவார். அப்புறம் ஓதுவார், வீட்டுக்காரர் அன்றைக்காவது தூங்கட்டும் என்று. ஆள் பெயர் கேட்டால் மட்டும் வாய் நிறைய வெற்றிலை இருப்பதுபோல இருந்துவிடுவார். நீங்களும் வெற்றிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விஷக்கடிக்கு ஓதுவது

ஓதாதீர்கள். நம் ஊரில் விஷத்துக்கு ஓதிப் பிழைத்த கதை வீட்டுக்கு ஒன்று இருக்கும், எங்கள் வீட்டிலும் உண்டு. கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காது. அப்படிப் பிழைத்தவர்கள் எல்லாரும் மந்திரவாதியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். கட்டுவிரியன் இரவில் தூங்கும்போது கடிக்கும், வலி பெரிதாக இருக்காது, ஓதியதும் சரியாகிவிட்டதுபோலவே தோன்றும். சில மணி நேரத்தில் இமை தொங்கி மூச்சு நிற்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே ஊசிதான், அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. 108-க்குப் போன் போடுங்கள். மூன்று நாளாக விடாத காய்ச்சலுக்கும் இதேதான்.

இசக்கியை வீட்டுக்குள் அழைப்பது

இசக்கி ஊர் எல்லையில் இருக்கிற அம்மன். முப்பந்தலில் அவள் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

காணிக்காரர் சாற்றுப் பாட்டை நகல் எடுப்பது

மலையில் வாழும் காணிப் பழங்குடியினர் கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு இரவு முழுக்கப் பாடுவது அவர்கள் ஆட்களுக்காக. அதை மொபைலில் பதிவுசெய்து வந்து பெட்ரூமில் ஓடவிடுகிறவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

மண்டலம் முறிந்தால் பதறுவது

41 நாள் என்று தொடங்கி 17-ஆம் நாள் தவறிவிட்டதா? 18-ஆம் நாள் உட்காருங்கள். மந்திரம் யாரையும் திருப்பி அடிக்காது.

ஸ்டேட்டஸ் போடுவது

தாயத்து, மந்திரம், கவசத்தால் நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் ஒன்று 1954 முதல் இருக்கிறது. "சர்க்கரை நோய்க்கு யந்திரம்" என்று போடுவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முச்சந்தியில் தடியங்காய் (வெண்பூசணி) உடைப்பது

உடைத்தால் அள்ளி ஓரத்தில் போடுங்கள். நான் உடைத்த தடியங்காயில் என் பைக்கே வழுக்கி, முட்டியில் ஏழு தையல். கண்ணேறு கழித்த வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்துத் தந்தார்.

அக்கா மகனிடம் சித்தி கதையை முழுக்கச் சொன்னேன். "நான் சும்மா ஒரு யூகமாத்தான் மாமா சொன்னேன்" என்றான். நண்பனைக் கூப்பிட்டு அப்படியே அதையும் சொல்லு என்றேன். மறுநாள் கேட்டதற்கு "பேசிட்டேன் மாமா" என்றான். முகத்தைப் பார்த்தால் பேசியவன் மாதிரித் தெரியவில்லை. அந்தப் பையனுக்குக் கிழக்கே அத்தை வீடு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நானே பார்வதிபுரம் போய் அவனைப் பார்க்கப் போகிறேன்.