கேட் (CAD) கோடு கன்ட்ரோலருக்குப் போகும்போது: எல்லையோர சைட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேட் மென்பொருளில் வரைந்த டிராயிங்கை ஏற்றி, சைட்டில் குச்சி அடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் சர்வே கைக்கணினிதான் கன்ட்ரோலர். வாளையாரில் வேலை முடித்த கன்ட்ரோலரைத் திருத்தணிக்குக் கொண்டுபோய், பழைய ஜாப்பையே (வேலைக் கோப்பையே) காப்பி எடுத்துப் புது டிராயிங்கை ஏற்றினால், முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரியில் யுடிஎம் மண்டலம் மாறுகிறது. (யுடிஎம் என்பது பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து, ஆயங்களை, அதாவது ஆயத்தொலைவுகளை, மீட்டரில் தரும் முறை.) கேரள எல்லையில் வாளையார், குமுளி, செங்கோட்டை, களியக்காவிளை எல்லாம் 43. ஆந்திரப் பக்கம் திருத்தணி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, சித்தூர் எல்லாம் 44. ஓசூர் 43, அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் குப்பம் 44.

இந்தத் தவறு உடனே மாட்டிக்கொள்ளும் என்பதால் பெரிய நஷ்டம் வராது. திருத்தணி டிராயிங்கை 43-இல் திறந்தால் கோடுகள் அரபிக் கடலில் விழும். வாளையார் டிராயிங்கை 44-இல் திறந்தால் வங்கக் கடல். ரோவர் (செயற்கைக்கோள் சிக்னலால் இடம் அறியும் கருவி) திரையில் 600 கிலோமீட்டருக்கு மேல் தூரம் காட்டும்போது யாரும் குச்சி அடிக்கப் போவதில்லை.

பயப்பட வேண்டியது ஸ்கேல் ஃபேக்டருக்கு, அதாவது தரைத் தூரத்தை கிரிட் (யுடிஎம் வரைபட) தூரமாக மாற்றும் பெருக்கு எண்ணுக்கு. யுடிஎம்மில் மண்டலத்தின் மையத் தீர்க்கரேகையில் அது 0.9996, விலக விலகக் கூடும். திருத்தணியில் ஏறக்குறைய 0.99988 வரும். அதாவது தரையில் 1 கிலோமீட்டர் என்பது கிரிடில் 12 செ.மீ குறைவு. வாளையாரில் நேர்மாறு: கிரிட் தூரம் கிலோமீட்டருக்கு 10 செ.மீ அளவில் கூடுதல். ஓரிடத்தில் பழகிய திருத்தத்தை இன்னோரிடத்தில் போட்டால் பிழை குறையாது, ஏறக்குறைய இரட்டிப்பாகும். ரோவரில் எடுத்த கன்ட்ரோல் பாயின்ட் (ஆயம் தெரிந்த நிலைப் புள்ளி) கிரிட், டிசைனர் போட்ட நீளம் தரை, டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) அளப்பதும் தரை. மூன்றையும் கலந்தால் 50 மீட்டர் கட்டடத்தில் ஒன்றும் தெரியாது; 2 கிலோமீட்டர் கால்வாயில் கடைசி மதகு கால் மீட்டர் தள்ளி நிற்கும். எந்த மெஷினும் எச்சரிக்காது. டோட்டல் ஸ்டேஷனில் அந்த இடத்துக்கான ஃபேக்டரைப் போடுங்கள்; இல்லையென்றால் டிராயிங் முழுவதையும் தரை அளவுக்கு மாற்றுங்கள். மாற்றினால் ஆயங்களின் முன் இலக்கங்களையும் வெட்டிவிடுவது நல்லது. கிழக்கு 349000 என்று இருப்பது 49000 ஆனால், அதை யுடிஎம் என்று நினைத்து ரோவரில் ஏற்ற யாருக்கும் தோன்றாது.

யூனிட் குழப்பம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆர்க்கிடெக்ட் மில்லிமீட்டரில் வரைவார், மனைப்பிரிவு வரைபடம் அடியில் இருக்கும், கன்ட்ரோலர் மீட்டரில் படிக்கும். ஸ்கேல் செய்யும்போது (0.001 அல்லது 0.3048) அடிப்புள்ளி 0,0 ஆகத்தான் இருக்க வேண்டும். கட்டட மூலையைப் பிடித்து ஸ்கேல் செய்தால் அளவு சரியாகும், ஆயம் கெடும். கட்டடத்தைத் திரையில் நேராகப் பார்க்க யுசிஎஸ்ஸை, அதாவது வரைபவரின் அச்சுகளை மட்டும், திருப்பலாம். ரொட்டேட் கட்டளையால் கோட்டையே திருப்பிய டிராயிங் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து, கோடுகளின் வகை. ஸ்ப்ளைனையும் (புள்ளிகளை ஒட்டி இழைந்து செல்லும் வளைகோடு) நீள்வட்டத்தையும் பல கன்ட்ரோலர்கள் காட்டுவதே இல்லை. விடுபட்டது விடுபட்டதாகவும் சொல்லாது. திரையில் அந்த வளைவு மட்டும் இருக்காது, அவ்வளவுதான். பாலிலைனாக (சிறு நேர்த் துண்டுகளின் தொடராக) மாற்றும்போது துண்டின் நீளத்தைப் பாருங்கள். நாண் நீளத்தின் (அதுதான் துண்டின் நீளம்) வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வளைவிலிருந்து விலகும் அளவு கிடைக்கும். 30 மீட்டர் ஆர வளைவில் 2 மீட்டர் துண்டு என்றால் 17 மி.மீ, 1 மீட்டர் துண்டு என்றால் 4 மி.மீ. சாலையோரக் கெர்ப் கல்லுக்கு இரண்டாவதுதான் சரி. சாலையில் டிரான்சிஷன் கர்வ் (நேர்கோட்டிலிருந்து வளைவுக்கு மெல்ல மாறும் பகுதி) இருந்தால் டிஎக்ஸ்எஃப் கோப்பின் பக்கமே போகாமல் அலைன்மென்டை (சாலையின் மையக்கோட்டை) லேண்ட்எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்புங்கள்.

பாலிலைன் வரைந்த திசைதான் செயினேஜின் (தொடக்கத்திலிருந்து கோட்டின் வழியே அளக்கும் தூரத்தின்) திசை. எதிர் முனையிலிருந்து வரைந்திருந்தால் இடது ஆஃப்செட் (கோட்டிலிருந்து பக்கவாட்டு விலகல்) வலதாகிவிடும். வடிகால் எதிர்ப் பக்கத்தில் தோண்டப்படும். ஏற்றுவதற்கு முன் ஜாயின் கட்டளையால் துண்டுகளை இணைத்து, ஓவர்கில் கட்டளையால் இரட்டைக் கோடுகளை நீக்கி, தேவையானால் ரிவர்ஸ் கொடுத்துத் திசையை மாற்றுங்கள்.

உயரத்தில், இசட் (உயர ஆயம்) பூஜ்யமாக இருக்கும் 2டி கோட்டை வைத்து வெட்டு, நிரப்பு பார்க்கக் கூடாது. தரையின் ஆர்எல் (குறிப்பு மட்டத்திலிருந்து உயரம்) 84 மீட்டர் என்றால் 84 மீட்டர் வெட்டு என்று வரும். அது சிரிப்போடு போகும். பாதி முனைகளில் மட்டும் பழைய சர்வேயின் இசட் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் சிக்கல், ஏனென்றால் அந்த எண்கள் நம்பும்படி இருக்கும்.

எக்ஸ்ரெஃபை (இணைப்பாக வரும் வேறு டிராயிங்கை) பைண்ட் செய்து உள்ளே சேர்த்துவிடுங்கள், பிளாக்குகளை (ஒன்றாகத் தொகுத்த கோடுகளை) எக்ஸ்ப்ளோட் செய்து பிரித்துவிடுங்கள், லேயர் (டிராயிங்கின் அடுக்கு) பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். மலையாளத்திலோ தெலுங்கிலோ தமிழிலோ பெயரிட்ட லேயர், பழைய கன்ட்ரோலரில் வெறும் கேள்விக்குறிகளாக வரும். எதை மறைத்தோம், எதைத் திறந்தோம் என்று வெயிலில் நின்று கண்டுபிடிக்க முடியாது.

எல்லாம் முடிந்த பிறகு, டிராயிங்கிலேயே இரண்டு கன்ட்ரோல் பாயின்டைப் புள்ளியாகச் சேர்த்து ஏற்றுங்கள். சைட்டில் பாதி தூரத்தில் இருப்பவை வேண்டாம், இரு கோடிகளிலும் இருப்பவை வேண்டும். முதல் குச்சிக்கு முன் இரண்டையும் ஸ்டேக்அவுட் செய்து, அதாவது கருவி காட்டும் இடத்துக்குப் போய், பாருங்கள். ஒரு முனை பொருந்தி, மறுமுனை 10 செ.மீ விலகினால் பிரிசத்தையோ டிரைபாடையோ சந்தேகிக்காமல் ஸ்கேல் ஃபேக்டர் பக்கத்தைத் திறங்கள்.