தண்டர்பேர்டில் ஜிமெயில்: சரியான பாஸ்வேர்டையும் ஏற்காதபோது

பிரவுசரில் அதே பாஸ்வேர்டு ஜிமெயிலைத் திறக்கிறது, தண்டர்பேர்டு என்ற மெயில் நிரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், பிரச்சினை அதில் இல்லை. பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்து உள்ளே வரும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுத்திவிட்டது. அதற்கு முன் அமைத்த கணக்கில் பழைய செட்டிங் அப்படியே கிடக்கும்.

எனக்குச் சரியானது இப்படி: அக்கவுன்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸைத் திறந்து, ஆத்தென்டிகேஷன் மெத்தடை 'நார்மல் பாஸ்வேர்ட்' என்பதிலிருந்து 'ஓஆத்2' (பாஸ்வேர்டை நிரலிடம் கொடுக்காமல் கூகுளின் ஜன்னலிலேயே லாகின் செய்யும் முறை) என்று மாற்ற வேண்டும். மெயிலைப் பெறும் ஐமேப் சர்வருக்குப் போர்ட் 993, இணைப்புப் பாதுகாப்பு எஸ்எஸ்எல். பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். மெயில் வரும், அனுப்ப முடியாது. மெயிலை அனுப்பும் அவுட்கோயிங் சர்வர் தனிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் ஓஆத்2, போர்ட் 465 என்றால் பாதுகாப்பு எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இவற்றை மாற்றிக் கலந்தால் இணைப்பு தொங்கிப்போகும்.

பிறகு சேமித்த பாஸ்வேர்டுகளில் ஜிமெயில் சம்பந்தப்பட்ட பழைய பதிவுகளை அழித்துவிட்டு, நிரலை மூடித் திறந்தால் கூகுளின் லாகின் ஜன்னல் வரும். அது வெறுமையாக நின்றால் தண்டர்பேர்டின் பிரைவசி பகுதியில் குக்கிகள் தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிரவுசரில் குக்கியை அனுமதிப்பது இங்கே செல்லாது.

ஓஆத்2 தெரியாத பழைய நிரல் என்றால், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (அந்த நிரலுக்கென்று கூகுள் தரும் தனிப் பாஸ்வேர்டு) எடுத்துக்கொள்ளலாம். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டு ரத்தாகிவிடும்.