ஓடுபாதையை நீட்டினால் போதுமா? சிறு விமான நிலையத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்றொரு மலைநகரம் இருக்கிறது. அதன் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் உள்ளது. வட அமெரிக்காவிலேயே உயரமான விமான நிலையம் அதுதான். ஓடுபாதையின் நீளம் 6,400 அடி. நான்கு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு இத்தனை நீளம் எதற்கு என்று சமவெளியில் பழகியவர்கள் கேட்பார்கள். நீளத்தைத் தனி எண்ணாகப் பார்ப்பதுதான் முதல் தவறு.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. வெயில் அதை இன்னும் மெலிய வைக்கிறது. நியம வளிமண்டலக் கணக்குப்படி அந்த உயரத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 5 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடியை உயரத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். லெட்வில்லில் வெப்பம் 20 டிகிரியைத் தொட்டாலே, விமானம் 12,900 அடியில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். காற்றை அழுத்தி உள்ளே தரும் டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். இறக்கையைத் தாங்கும் காற்றும் மெலிந்திருப்பதால், தரையில் அதிக வேகம் பிடித்த பிறகே விமானம் எழும். இதனால்தான் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை வைத்துக் கணக்கிடக் கூடாது. ஆண்டிலேயே வெப்பமான மாதத்தின் அன்றாட உச்ச வெப்பநிலைச் சராசரியை எடுக்க வேண்டும்.

விமானத்தின் கையேட்டில் புறப்பாட்டுக்கு இரண்டு தூரங்கள் இருக்கும். சக்கரம் தரையை விடும்வரை ஓடும் தூரம் ஒன்று. 50 அடி உயரத்தைத் தாண்டும்வரை ஆகும் தூரம் மற்றொன்று. சிறியதை எடுத்துக்கொண்டு திட்டம் போடுவது ஆபத்தானது. ஜெட் விமானங்களில் இன்னொரு கண்ணி உண்டு. 12,500 பவுண்டு எடைக்கு மேற்பட்ட ஜெட்டை வாடகைக்கு இயக்கும் நிறுவனம், ஓடுபாதை நீளத்தின் 60 சதவீதத்துக்குள் இறங்கி நிற்க முடியும் என்று காட்ட வேண்டும் என்பது அமெரிக்காவின் பொது விதி. 3,000 அடியில் நிற்கக்கூடிய விமானத்துக்கு 5,000 அடி வேண்டும்; பாதை ஈரமென்றால் மேலும் 15 சதவீதம் சேர்ந்து 5,750 அடி. அதே விமானத்தை அதன் உரிமையாளர் சொந்தப் பயணத்துக்கு ஓட்டி வந்தால் இந்த விதி பொருந்தாது. ஆகவே, எந்த விமானம் என்பதோடு யார், எதற்காக ஓட்டுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த தவறு யாருக்காகக் கட்டுகிறோம் என்பதில் நேர்கிறது. ஆண்டுக்குப் பத்து முறை வரும் ஒரு பெரிய ஜெட்டை மனத்தில் வைத்துத் திட்டம் தீட்டிவிடுகிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் அளவுகோல் தெளிவானது: ஆண்டுக்குக் குறைந்தது 500 இயக்கங்கள் உள்ள விமானம் அல்லது விமான வகையே வடிவமைப்பைத் தீர்மானிக்கும். இறங்குவதும் புறப்படுவதும் தனித்தனி இயக்கங்கள் என்பதால், வாரத்துக்கு ஐந்து வருகை போல ஆகும். பயிற்சிக்காகத் தொட்டுவிட்டு உடனே எழும் இறக்கங்கள் இந்த 500-இல் சேராது.

நீட்டிப்பு தாரோடு முடிவதில்லை. வேகமாக அணுகும் ஜெட் வகைகளுக்கு மாறினால், பாதையின் முனைக்கு அப்பால் விட வேண்டிய பாதுகாப்பு நிலம் பொதுவாக 300 அடியிலிருந்து 1,000 அடியாகிறது. அந்த நிலம் கையில் இருக்கிறதா என்பதை வரைபடம் போடும் முன்பே பார்த்திருக்க வேண்டும். மரங்களையும் மறக்கக் கூடாது. இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கும் பாதையில் 10 மீட்டர் உயர மரம் நின்றால், மரத்திலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளித்தான் இறங்க முடியும். செலவழித்து நீட்டிய பாதையை மரம் தின்றுவிடும்.

நீளம் கூடினால் வருபவர்களும் மாறுவார்கள். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள்: 2017 டிசம்பரில் 4,973 அடிப் பாதையை 3,500 அடியாகக் குறைத்தார்கள். பெரிய ஜெட்டுகள் வரக் கூடாது என்பதே நோக்கம். நீட்டிப்பைக் கேட்கும் ஊரும் தன் அண்டை வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கொள்ளளவைப் பற்றிய குழப்பம். நெரிசல் என்றதும் நீளத்தைக் கேட்கிறார்கள். எஃப்ஏஏவின் பழைய அட்டவணையில், சிறு விமானங்கள் மிகுந்த ஒற்றை ஓடுபாதை தெளிவான வானிலையில் மணிக்கு 98 இயக்கங்களையும், ஆண்டுக்கு 2,30,000 இயக்கங்களையும் தாங்கும் என்று இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே தம் ஊர்த் திட்டத்தில் எழுதிக்கொள்கிறார்கள். பாதை நெடுகிலும் இணையாக, விமானங்கள் ஊர்ந்து செல்வதற்கான துணைப்பாதையான டாக்ஸிவே ஒன்று ஓடுகிறது, வெளியேறும் வழிகள் போதுமான அளவு உள்ளன என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. டாக்ஸிவே இல்லாத நிலையத்தில், புறப்பட வரும் விமானம் ஓடுபாதையிலேயே ஊர்ந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப வேண்டும். 5,000 அடி என்பது ஒன்றரைக் கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் வேறு எவரும் இறங்க முடியாது. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டால் மணிக்கு இருபதைத் தொடுவதே கடினம். அங்கே பாதையை இன்னும் 1,000 அடி நீட்டினால், ஊர்ந்து செல்லும் தூரம் கூடிக் கொள்ளளவு குறையும். அதே பணத்தில் டாக்ஸிவேயின் ஒரு பகுதியையாவது போட்டிருந்தால், புறப்படும் விமானம் பாதைக்கு வெளியே நின்று தன் முறைக்குக் காத்திருக்கும். வானில் சுற்றிக்கொண்டிருக்கும் பயிற்சி மாணவர் இறங்கிவிடுவார்.