சித்தூர்ப் புழையோரம் பிள்ளைகளோடு நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். மூலத்தறைத் தடுப்பணைக்குக் கீழே, ஆற்றின் நடுவிலிருக்கும் அகலமான பாறையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு நான்கு வயதுகூட நிரம்பியிருக்காது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்து போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே பாறையில், அதே மாதிரி, பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் என் மகளை உட்கார வைத்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது பாலக்காட்டுச் சித்தூர். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டினால் எங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிடும். பனைமரமும் வயலும் ஏரியும் ஆறுமாகக் கிடக்கிற சமதரை. மூட்டுவலிக்காரப் பாட்டிகூட நடக்கலாம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நடைபாதை இந்த எல்லைப்பக்கத்தில் இல்லை என்பது என் எண்ணம். பன்னிரண்டு ஆண்டுகளாக மாதம் ஒரு ஞாயிறு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். தொப்பி, குடிநீர், கொசு மருந்து பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள்.

காய்ந்த ஆற்றை நடைபாதை என்று நினைப்பது

எங்கள் பக்கத்துப் பேச்சில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். ‘கொஞ்சம் வெள்ளம் கொடுங்கள்’ என்றால் குடிக்கக் கேட்கிறார்கள் என்று பொருள். அன்று கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பாறையைப் பார்த்து, “வெள்ளம் வருகிறது, பிள்ளைகளை எடுத்துக்கொண்டு ஏறி வாருங்கள்” என்று கூவினார். அந்த அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தார். “மழையே இல்லையே ஐயா” என்றார். ஜமக்காளத்தின் மூலையில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் சொன்னது மழை வெள்ளத்தை அல்ல. மேலே தண்ணீர் கூடியிருக்கிறது என்றுதான் சொன்னார். நான் ஓடிப்போய் அதை விளக்கிச் சொன்ன பிறகே அவர்கள் எழுந்தார்கள்.

இந்த ஆற்றை மற்ற ஆறுகள்போல வானத்தைப் பார்த்துக் கணிக்க முடியாது. ஆனைமலையில் பெய்கிற மழை ஆழியாறு அணையில் தேங்குகிறது. திறந்துவிடும் தண்ணீர் ஆனைமலை, அம்பராம்பாளையம் வழியாக மணக்கடவுக்கு வருகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாடு தர வேண்டும். மூலத்தறைத் தடுப்பில் அது இடது, வலது கால்வாய்களுக்குப் பிரிகிறது. மிஞ்சினால் ஷட்டரைத் தூக்கி ஆற்றில் விடுவார்கள். ஆக, நீங்கள் நிற்கிற இடத்தில் நீல வானம் இருக்கலாம். உங்கள் காலடியில் வரப்போகிற தண்ணீரோ வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில் கிளம்பியிருக்கும். 2024 ஜூலையில் இதே ஆற்றின் நடுவே ஒரு குடும்பம் சிக்கிக்கொண்டு, தீயணைப்புப் படையினர் கயிறு கட்டிக் கரையேற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். அதைப் பார்த்தவர்களே மறு ஆண்டு ஜமக்காளத்தோடு வருவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அன்று என் மகளுக்கு ஆறு வயது. மைத்துனியின் பிள்ளைகள் இருவர். புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள், “அப்பா, என் செருப்பு நகருகிறது” என்றாள். பாறையின் ஓரத்தில், தண்ணீரிலிருந்து ஒரு சாண் மேலே கழற்றி வைத்த செருப்பு. திரும்பிப் பார்ப்பதற்குள் அது மிதந்துபோனது. இரைச்சலும் இல்லை, அலையும் இல்லை. கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலைத் தொட்டிருந்தது. ஒரு பிள்ளையைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்து விட்டேன். மகளைக் கூட்டிவர மறுபடி இறங்கியபோது தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. அந்த இருபதடி தூரத்தில் என் வலதுகால் மணலைவிட்டு இரண்டு முறை எழும்பியது. பாத்திரங்கள் போயின. இன்றைக்கும் மகளின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கும்போது அந்தப் பிடி எனக்கு ஞாபகம் வருகிறது.

முழங்கால் தண்ணீர்தானே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். உங்கள் முழங்கால் நான்கு வயதுப் பிள்ளைக்கு இடுப்பு.

ஆறு முன்கூட்டியே சில அடையாளம் காட்டும். பெரியவர் பார்த்தது அதைத்தான். தெளிந்திருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். சோப்பு நுரைபோலச் சிறு சிறு நுரைத்திட்டுகள் வரும். கரையோரத்தில் நாள்கணக்காகக் கிடந்த காய்ந்த இலையும் சுள்ளியும் ஒன்றாகக் கிளம்பி மிதந்து வரும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பேச்சு வேண்டாம், எழுந்துவிடுங்கள். எந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலும் நான் முதலில் ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் குத்தி வைப்பேன். அதைக் கவனிக்கும் பொறுப்பைக் கூட்டத்தில் ஒரு பிள்ளையிடம் கொடுப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அந்த வேலையைப் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆனால் குச்சி கரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உதவும். நடுப்பாறையில் இருப்பவருக்கு அது காட்டும்போது நேரம் கடந்திருக்கும்.

தண்ணீர் கூடாத நாளிலும் ஆற்றுக்குள் இறங்குவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. காரணம் மணல் குழி. ஆனைமலையில் தொடங்கிப் பொன்னானியில் கடலைச் சேர்கிற 209 கிலோமீட்டர் பாரதப்புழையின் ஒரு கிளைதான் எங்கள் ஆறு. எத்தனையோ ஆண்டு மணல் அள்ளியதில் இந்த ஆறுகளின் வயிற்றில் பள்ளங்கள் விழுந்துவிட்டன. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். இரண்டடி ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவருக்கு அடுத்த எட்டில் தலை முங்கும். குழியின் விளிம்பு இளமணல். மிதித்தால் சரியும், ஏறப் பிடித்தாலும் சரியும். சுற்றியுள்ள தண்ணீரைவிடக் கொஞ்சம் கரும்பச்சையாக ஒரு திட்டு தெரிந்தால் அது குழி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய நாளில் அந்த அடையாளமும் இருக்காது. தடுப்பணையின் கீழ்ப்பக்கமும் அப்படித்தான். விழுகிற தண்ணீர் அடியில் குடைந்து வைத்திருக்கும்.

கரையில் நடங்கள். கால்வாய்க்கரை இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது, வரப்பு இருக்கிறது. ஆறு பார்க்கத்தான்.

நிலம்பதிப் பாலம் முங்கியிருக்கும்போது கடப்பது

கடக்காதீர்கள். ஆற்றுமட்டத்தை ஒட்டித் தாழ்வாகக் கட்டிய பாலம் அது. கைபேசி வரைபடத்தில் அது எப்போதும் பாதையாகத்தான் தெரியும்.

பெரியவர் காலால் தூரம் அளப்பது

ஐந்து கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு வருகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை நடப்பதில்லை. ஒரு நத்தையைப் பார்க்கப் பத்து நிமிடம் நிற்கும். மடையில் தண்ணீர் விழுவதைப் பார்க்க இன்னும் பத்து நிமிடம். அதற்காகத்தானே கூட்டி வந்தோம்? என் கணக்கு, மணிக்கு ஒரு கிலோமீட்டர். பிள்ளை “கால் வலிக்கிறது” என்று சொல்லும்போது திரும்பினால் தாமதம். அது உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்ப வேண்டும், வந்த தூரம் திரும்பவும் இருக்கிறது.

கார்த்திகையில் காற்று ஏமாற்றும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். கிழக்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்டு வீசும். வியர்வை தெரியாது, தாகமும் தெரியாது. பிள்ளையின் உதடு வெடித்த பிறகு தண்ணீர் தேடுவார்கள். மாசிக்குப் பிறகு பத்து மணிக்கு மேல் நடக்கவே வேண்டாம். பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்.

வரப்பில் ஜோடியாக நடப்பது

வரப்பு ஒருவர் நடப்பதற்கானது. புதிதாக அண்டை கட்டிய வரப்பு உலராத சேறு. ஓரத்தை மிதித்தால் சரிந்து வயல் தண்ணீர் ஓடிவிடும். அதை மறுபடி கட்டுவது அந்த வீட்டுக்காரரின் ஒரு காலை வேலை. வழியில் ஆள் இருந்தால் “இதில் போகலாமா?” என்று கேட்டுவிட்டு நடங்கள். இதுவரை எனக்கு ஒருவரும் மறுத்ததில்லை. இரண்டு பேர் இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

காலில் புண்ணோடு சேற்றில் இறங்குவது

எலிக்காய்ச்சல் கேரளத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உயிர்களை வாங்குகிறது. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீர் போதும், கிருமி தோலிலுள்ள சிராய்ப்பு வழியாக ஏறிவிடும். கொசுக்கடியைச் சொறிந்த புண்ணும் புண்தான். நடந்து வந்த ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வயலில் இறங்கியதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குளத்தில் குதிக்க விடுவது

தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம். அது மூக்கு வழியாகத்தான் நுழையும். 2024-லும் 2025-லும் கேரளத்தில் பலரைப் பாதித்தது. பிள்ளை அழுதாலும் விடாதீர்கள்.

கத்துகிற பறவையை நோக்கி நடப்பது

ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் எல்லோரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் போகிறார்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை அது அப்படிக் கத்தினால் முட்டை பக்கத்தில் இருக்கிறது. அது கூடு கட்டுவதில்லை. ஏரி வற்றிய ஓரத்தில், கூழாங்கல் நடுவே உள்ளங்கை அளவு பள்ளம், அதில் பெரும்பாலும் நான்கு முட்டை. கூர்முனைகள் உள்பக்கம் சேர்ந்திருக்கும். மண்ணின் நிறம், மேலே கறுப்புத் தெளிப்பு. இரண்டடி தூரத்தில் நின்று காட்டினாலும் கண்ணுக்குப் பிடிபடாது.

கத்தல் கேட்டால் நாங்கள் செய்வது இதுதான். எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். காலடியைப் பார்க்க வேண்டும். பிறகு வந்த தடத்திலேயே, பதிந்த செருப்பு அடையாளத்தின் மேலேயே கால் வைத்துப் பின்னால் போக வேண்டும். போன பங்குனியில் கம்பாலத்தறை ஏரிக்கரையில் பதினொரு பிள்ளைகள் அப்படி வரிசையாகப் பின்னால் நடந்தார்கள். முப்பதடி தள்ளி வந்ததும் பறவை கத்துவதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு இறங்கி, நடந்து போய், கல்லோடு கல்லாக உட்கார்ந்துகொண்டது.