முட்டையால் பரவும் நோயை விசாரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவால் பரவும் நோய்களை விசாரிக்கும் பணிக்குப் புதிதாக வருபவர்களின் அறிக்கைகளைப் படிக்கும்போது, எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குவதைக் காண்கிறேன். கையுறை, மாதிரிப் புட்டியின் பெயர்ச்சீட்டு முதலியவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஒரு டஜனைச் சோதித்து நற்சான்று வழங்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு விடுதியில் பலர் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டனர். விசாரிக்கச் சென்ற இளம் அலுவலர், சமையலறையில் மீந்திருந்த ஒரு டஜன் முட்டைகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார். சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இல்லை என்று முடிவு வந்ததும், முட்டையில் குறையில்லை என எழுதி, பழியைச் சமையல்காரரின் கைச்சுத்தத்தின் மீது போட்டுக் கோப்பை மூடிவிட்டார். அவை வந்த பண்ணையின் முட்டைகளோ வேறு சமையலறைகளுக்குப் போய்க்கொண்டேயிருந்தன. அங்கும் ஆட்கள் படுத்தார்கள்.

அதன் ஒரு வகையான சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் கோழியின் சினைப்பையையே தொற்றக்கூடியது என்பதால், ஓடு உருவாகுமுன்பே முட்டைக்குள் புகுந்துவிடுகிறது. கோழியோ பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஆனாலும் தொற்றுள்ள கோழி இடும் எல்லா முட்டையிலும் கிருமி இருப்பதில்லை. அமெரிக்காவில் 20,000 முட்டைகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் உட்புறத் தொற்று இருக்கும் என மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த விகிதத்தில் ஒன்றையாவது பிடிக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால், ஏறத்தாழ 60,000 முட்டைகளைச் சோதிக்க வேண்டும். தொற்றிய பண்ணையில் விகிதம் கூடும் என்றாலும், அங்கும் பெரும்பாலான முட்டைகள் சுத்தமானவையே. ஆகவே கொள்முதல் ரசீதைப் பிடித்துக்கொண்டு பண்ணை வரை சென்று, கொட்டகையின் எச்சத்திலும் தூசியிலும் மாதிரி எடுத்து, கிடைக்கும் கிருமியின் மரபணுவை நோயாளிகளின் மலத்தில் கிடைத்த கிருமியோடு ஒப்பிட வேண்டும்.

ஓட்டைக் கழுவினார்களா என்று மட்டும் கேட்பது

கிருமி உள்ளே இருக்கிறது.

ஒரு முட்டையால் இத்தனை பேரா என்று ஐயுறுவது

நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றினால், கெட்ட ஒன்று அத்தனையையும் கெடுத்துவிடும். அந்தக் கலவை வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் போன்றவற்றில் அதைக் கொல்லச் சூடும் இல்லை. எத்தனை முட்டைகளை ஒன்றாக உடைத்தார்கள், எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்ற இரண்டையும் கேட்காத விசாரணை அரைகுறைதான்.

கடைசி வேளையைக் குறை சொல்வது

நோய் தெரிய 6 மணி நேரமும் ஆகலாம், 72 மணி நேரமும் ஆகலாம். மூன்று நாள் உணவையும் கேளுங்கள்.

முட்டை உடைக்காத சமையலறையைக் கண்டதும் முட்டையை மறப்பது

1994-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,24,000 பேரை நோயில் தள்ளியதாக மதிப்பிடப்பட்டது ஓர் ஐஸ்கிரீம். அதற்கான கலவை முறையாகப் பாஸ்டர் செய்யப்பட்டதுதான், அதாவது கிருமி சாகும்படி சூடாக்கப்பட்டதுதான். ஆனால் அதற்குமுன் பாஸ்டர் செய்யாத முட்டைத் திரவத்தை ஏற்றிச்சென்ற டேங்கர் லாரிகளில் அந்தக் கலவையைக் கொண்டுபோயிருந்தார்கள்.