சென்னையில் முதல் முறையாக வீடு வாடகைக்கு விடுகிறீர்களா? அட்வான்ஸில் இருந்து தொடங்குங்கள்

டு-லெட் போர்டு மாட்டும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: வருகிறவர் காலி செய்யும் நாளில் அட்வான்ஸை எங்கிருந்து எடுத்துத் தருவீர்கள்? ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் வருகிற மனக்கசப்பு பெரும்பாலும் அந்தக் கடைசி வாரத்தில்தான் வெடிக்கும். வாங்கிய பணம் எப்போதோ செலவாகியிருக்கும். அடுத்து வருபவரின் அட்வான்ஸ் வந்தால்தான் இவருக்குத் தர முடியும் என்ற நிலை. அவரோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டிய அவசரத்தில் இருப்பார். அது அவருடைய பணம். வாங்கிய அன்றே தனியாக ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிடுங்கள்.

எவ்வளவு வாங்கலாம்? பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும். மூன்று மாதமே போதும். பெரிய தொகை கேட்டால் ஒழுங்காக வாடகை தரக்கூடிய இளம் குடும்பங்கள் விலகிப் போகும். திருப்பித் தரும்போது உங்கள் கழுத்தும்தான் நெரிபடும்.

அடுத்து பிடித்தம். “பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை” என்று கடைசி நாளில் சொல்வது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, தேவைப்படும்போது பைப் மாற்றுவது, வயரிங், கட்டடத்தின் பெரிய ரிப்பேர் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கெய்சர் ரிப்பேர், வாஷ்பேசின், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வேறு மாதிரி வேண்டுமென்றால் முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மூன்று வருடம் குடியிருந்தவரிடம் பெயின்டிங் பணம் பிடிப்பது நியாயமே இல்லை. ஆளே இல்லாவிட்டாலும் அந்த பெயின்ட் மங்கியிருக்கும். உடைந்த வாஷ்பேசினுக்குப் பிடியுங்கள், பில்லைக் காட்டிப் பிடியுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் சாவி கொடுக்கிற நாளில் எடுக்கும் படங்கள். ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், தரை, பாத்ரூம் டைல்ஸ், கிச்சன் மேடை, ஃபேன், லைட், ஈபி மீட்டர் ரீடிங் என்று எல்லாவற்றையும் இரண்டு பேரும் கூட இருந்து படம் எடுத்து, அன்றே அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட டைல் இருந்தால் அதை நீங்களே முதலில் காட்டிவிடுங்கள். காலி செய்யும் நாளில் அதே படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனால் அரை மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும்.

ஒப்பந்தமும் பதினோரு மாதமும்

ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு கையெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவு இணையதளத்தில் ஏற்றிப் பதிவு எண் வாங்குங்கள். நாளைக்கு வாடகை பாக்கி என்றோ காலி செய்ய மறுக்கிறார் என்றோ வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். வாடகை, தேதி, அட்வான்ஸ் தவிர, இரு தரப்புக்கும் எத்தனை மாத நோட்டீஸ், அசோசியேஷன் மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, லாரித் தண்ணீர் செலவை யார் ஏற்பது, எத்தனை பேர் குடியிருப்பார்கள், வண்டி எங்கே நிற்கும் என்பதையும் எழுதுங்கள். வாடகையை ஏற்ற வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

சென்னையில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று, முடிவு தேதி. குடிபோக எல்லோரும் விரும்புகிற மாதங்கள் ஆவணியும் தையும். ஆவணி முதல் தேதி ஆரம்பித்த பதினோரு மாத ஒப்பந்தம் ஆனியோடு முடியும், அடுத்த நாள் ஆடி. தையில் ஆரம்பித்தால் கார்த்திகையோடு முடிந்து மார்கழி பிறக்கும். இரண்டு மாதத்திலும் பால் காய்ச்சி வீடு புக வருபவர்கள் குறைவு, வீடு பூட்டியே கிடக்கும். ஒப்பந்தத்தைப் பத்து மாதமாகப் போடுங்கள், அல்லது இரண்டு மாத நோட்டீஸ் வைத்து, அவர் தங்குவாரா மாட்டாரா என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாடகையை நிர்ணயிக்கும்போதும் காலி மாதத்தைக் கணக்கில் எடுங்கள். 18,000 போகிற வீட்டுக்கு 19,000 கேட்டு ஒரு மாதம் காத்திருந்தால், பதினோரு மாதத்தில் கூடுதலாக வருவது 11,000. போனது 18,000.

யாருக்குக் கொடுப்பது

வீடு கேட்டு வருபவர் இப்போது இருக்கிற வீட்டு ஓனரை மட்டும் விசாரித்தால் போதாது. ஆள் போனால் போதும் என்று அவர் நல்ல வார்த்தை சொல்லக்கூடும். அதற்கு முந்தைய வீட்டு ஓனரின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். வாடகை, வருபவரின் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டை நகல், வேலை பார்க்கும் இடம், அவசரத்துக்கு உறவினர் ஒருவர் எண் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, விவரங்களைப் பகுதி காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். என்ன சாப்பிடுகிறார், என்ன ஜாதி, கல்யாணம் ஆனதா என்ற கேள்விகள் வேண்டாம். மாதம் ஐந்தாம் தேதி வாடகை வருமா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. வாசலில் நின்று கேட்கிறவரை அவை கூனிக்குறுக வைக்கும்.

ஈபியும் தண்ணீரும்

ஒரே ஈபி கனெக்ஷனில் இரண்டு போர்ஷன் ஓடினால் சச்சரவு நிச்சயம். இரண்டு மாதக் கணக்கில் ஆரம்ப யூனிட்டுகள் இலவசம் என்பது ஒரு கனெக்ஷனுக்குத்தான். இரண்டு வீட்டு யூனிட்டும் கூடி 500-ஐத் தாண்டினால், அதுவரை ஆரம்ப யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலையும் கை நழுவும். ஏசி ஓடும் மே மாதத்தில் இது சுலபமாக நடக்கும். தனி கிச்சன், தனி வாசல் இருக்கிற போர்ஷனுக்குத் தனி கனெக்ஷன் வாங்குங்கள். சர்வீஸ் எண்ணைக் குடித்தனக்காரரிடமே கொடுத்தால் அவர் நேரடியாகக் கட்டிவிடுவார். சப்-மீட்டர் வைத்து, நீங்கள் கட்டுவதைவிடக் கூடுதல் விலையை யூனிட்டுக்கு வாங்குவது தவறு. அதைச் செய்யாதீர்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரன்ட்டை உடனே நிறுத்தும் கருவி) இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திச் சோதியுங்கள். அழுத்தியும் கரன்ட் நிற்கவில்லை என்றால் உடனே மாற்றுங்கள்.

சம்ப் எத்தனை லிட்டர் என்று தெரிந்து வைத்திருங்கள். நீளம், அகலம், ஆழத்தை அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 6, 5, 5 அடி என்றால் ஏறக்குறைய 4,250 லிட்டர்தான் பிடிக்கும். 6,000 லிட்டர் லாரியை வரவழைத்தால் மீதிக்கு இடம் இருக்காது. உப்பான போர் தண்ணீர் என்றால் கெய்சர் காயிலிலும் ஷவர் துளையிலும் உப்பு படியும். அது குடியிருப்பவர் செய்த சேதம் ஆகாது.

ஆள் வருவதற்கு முன் இரண்டு சோதனை. பாத்ரூம் வடிகாலைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் கண்டால் டைல் இடுக்கிலோ வடிகால் வாயிலோ கசிவு. ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் நீலம் கலந்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால் மாடி வேலையை செப்டம்பரிலேயே முடியுங்கள். மழைநீர் இறங்கும் பைப் வாயில் இருக்கும் இலை, பிளாஸ்டிக்கை எடுங்கள். தட்டோடு இடுக்குகளைப் பூசுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழியின் ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். வேளச்சேரி, முடிச்சூர் போல தண்ணீர் நிற்கிற பகுதியில் தரைத்தளம் என்றால் சம்ப் வாயைச் சுற்றி உயரமாகச் சுவர் எழுப்புங்கள். தெருத் தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் மொத்த சம்ப்பையும் இறைத்துக் கழுவ வேண்டும்.

வாடகை வராவிட்டால்

ஐந்தாம் தேதி தாண்டினால் மெசேஜ், பதினைந்து தாண்டினால் நேரில் பேச்சு, அடுத்த மாதமும் பாக்கி என்றால் எழுத்தில் நோட்டீஸ். கூச்சப்பட்டு நான்கு மாதம் விட்டால் அட்வான்ஸ் கரைந்துவிடும், அப்புறம் பேச எதுவும் இருக்காது. என்ன கோபம் வந்தாலும் தண்ணீர் மோட்டாரையும் கரன்ட்டையும் நிறுத்தாதீர்கள், பூட்டை மாற்றாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது, உங்கள் பக்கத்து நியாயத்தையும் அழித்துவிடும். வீட்டைப் பார்க்க வேண்டுமென்றாலும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

வரி

மாநகராட்சி சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, ஓனர்தான் கட்ட வேண்டும். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் ஐந்து சதவீத ஊக்கத்தொகை உண்டு, உச்சம் 5,000 ரூபாய். வாடகையை வங்கியில் வாங்கி, மாதாமாதம் ரசீது கொடுங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படி கணக்குக் காட்ட குடித்தனக்காரர் உங்கள் பான் எண்ணைக் கேட்பார், தயங்காமல் கொடுங்கள். வருமான வரியில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று தனியாகக் கழியும். அதற்கு பில் காட்ட வேண்டியதில்லை, ஆனால் சொத்து வரி ரசீதை எடுத்து வையுங்கள்.